கன்னம் மூடாத ஹெல்மெட்

ஹெல்மெட் வாங்கப் போன அன்று கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது முகம் முழுக்க மூடுகிற ரகம். என் வீட்டுக்காரர் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார். பிறகு வலது கையைத் தூக்கி இரண்டு கன்னத்தையும் தொடப் போனார். விரல் பிளாஸ்டிக்கில் இடித்து நின்றது.

"இது வேணாம்பா. கன்னம் தெரியற மாதிரி ஒண்ணு எடு."

கடைக்காரர் ஏன் என்று கேட்கவில்லை. காஞ்சிபுரத்தில் ஹெல்மெட் விற்கிறவருக்கு இது புரியாமல் போனால்தான் ஆச்சரியம். மேல் தட்டிலிருந்து அரை ஹெல்மெட் ஒன்றை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். மண்டைக்கு மட்டும் அது பாதுகாப்பு. தாடை, மூக்கு, பல்லெல்லாம் சாமி பொறுப்பு.

எங்கள் வீடு சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயிலுக்குப் பின்பக்கத் தெரு ஒன்றில் இருக்கிறது. நான் வேலை பார்க்கிற பட்டுப் புடவைக் கடை ஊரின் மறுகோடியில். காலையில் என்னைக் கடையில் இறக்கிவிட்டுத்தான் அவர் தன் பள்ளிக்கூடத்துக்குப் போவார். அந்த வழியில் எத்தனை கோயில் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவருடைய வலது கைக்குத் தெரியும். பெருமாள் என்றால் நெஞ்சைத் தொடும். அம்மன் என்றால் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பிள்ளையார் என்றால் கன்னத்தோடு விடாது, தலையில் குட்டும் வைக்கும். குட்டு ஹெல்மெட்டில் விழுந்து 'டொக் டொக்' என்று பின்னால் இருக்கும் எனக்குக் கேட்கும். ஆக்சிலேட்டரும் முன் பிரேக்கும் அதே வலது கையில்தான் இருக்கின்றன. ஸ்கூட்டர் செய்தவர்கள் எங்கள் ஊரை நினைத்துப் பார்க்காமல் செய்துவிட்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பள்ளிக்கூடத்தில் அவர்தான் சாலைப் பாதுகாப்பு மன்றத்துக்குப் பொறுப்பாசிரியர். வருஷா வருஷம் சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தால் பேசுவது அவர்தான். அதற்குப் பல நாள் முன்பிருந்தே கூடத்தில் நடந்துகொண்டு ஒத்திகை பார்ப்பார். அதிவேகம், குடிபோதை, செல்போன், தூக்கக் கலக்கம், இடப்பக்கமாக முந்துவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்குவார். எல்லா விரலும் மடங்கியதும் குரலைத் தாழ்த்தி, "இத்தனைக்கும் வேர் ஒன்றுதான் மாணவர்களே. கவனச் சிதறல்" என்று முடிப்பார். அந்தச் சொல் மேல் அவருக்கு அப்படி ஒரு பிரியம். பால் பொங்கி வழிந்தால் அதுதான் காரணம், சட்னியில் உப்பு கூடினாலும் அதுதான் காரணம்.

எனக்கும் லைசென்ஸ் இருந்தது. கல்யாணமான புதிதில் எட்டுப் போட்டு வாங்கியது. பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் கிடந்தது. வண்டியைக் கேட்டால், "உனக்கு ரோடு சென்ஸ் போதாதும்மா" என்பார். ஒரு நாள் பொறுக்காமல் கேட்டேன்.

"நீங்க கோயிலுக்குக் கோயில் கைய எடுக்கறீங்களே, அது கவனச் சிதறல் இல்லியா?"

"சாமி கும்பிடறதுதாம்மா கவனம். மத்ததெல்லாம்தான் சிதறல்."

இதற்குப் பதில் சொல்லி ஜெயிக்க முடியாது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நெசவாளர் தெருவில் பாவு நீட்டியிருந்தால் அவர் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போவார். தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிய பட்டு நூலில் ஒரு இழை அறுந்தாலும் பதில் சொல்லி மாளாது என்று அவருக்குத் தெரியும். பின்னால் உட்கார்ந்திருந்த நான் அப்படி ஒன்றும் பட்டு நூல் இல்லை.

விபத்து நடந்த இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வழியில் ஒரு வளைவு. அங்கே வண்டிகள் அடிக்கடி மோதிக்கொள்கின்றன என்று தெருக்காரர்கள் வேகத்தடை கேட்டு அலைந்தார்கள். வேகத்தடை வரவில்லை. அலுத்துப் போய் விபத்து நடக்காமலிருக்கப் பிள்ளையாரை வைத்தார்கள். பிள்ளையாருக்குப் பின்னாலேயே கூரை வந்தது, உண்டியல் வந்தது, கிரில் கேட் வந்தது. கேட் வெளியே வந்த அளவுக்கு ரோடு உள்ளே போனது. இப்போது அந்த வளைவில் எதிரே வருகிற வண்டி தெரியாது. பிள்ளையார் மட்டும் இரண்டு பக்கமிருந்தும் நன்றாகத் தெரிவார்.

அன்று சங்கடஹர சதுர்த்தி. சங்கடம் தீர்க்கிற நாள் என்பதால் பிள்ளையாருக்கு அருகம்புல் மாலை ஆளுயரத்துக்குப் போட்டிருந்தார்கள். தூரத்திலேயே பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் கையைத் தயார் செய்துகொண்டார். அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பது என் வழக்கம். வண்டியில் ஒருவராவது ரோட்டைப் பார்க்க வேண்டுமே. வளைவுக்குள் நுழைந்ததும் எதிரே ஒரு ஸ்கூட்டி வந்தது. ஓட்டி வந்த பெண் எங்களைப் பார்க்கவில்லை. அவள் முகம் பிள்ளையார் பக்கம் திரும்பியிருந்தது, கை கன்னத்தில் இருந்தது. என் வீட்டுக்காரர் முகமும் பிள்ளையார் பக்கம், கை கன்னத்தில். இருவருக்கும் நடுவில் யாரும் பிடிக்காத இரண்டு ஹேண்டில் பார்கள் ஒன்றையொன்று நோக்கி வந்தன.

"ஏங்க" என்றேன். அதற்கு மேல் சொல்ல நேரமில்லை.

பெரிய வேகம் எதுவும் இல்லை. இரண்டு வண்டியும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தன. அவர் வலது கையை ஊன்றிக்கொண்டு விழுந்தார். நான் என் சாப்பாட்டுப் பையின் மேல் உட்கார்ந்தேன். தயிர்சாதம் பிள்ளையாருக்கு முன்னால் படையல் மாதிரி சிந்தியது. அந்தப் பெண்ணுக்கு முழங்காலில் நல்ல சிராய்ப்பு. எழுந்ததும் தன் காலைப் பார்க்காமல் ஸ்கூட்டியின் முன்பக்கம் விழுந்த கீறலைத்தான் தடவிப் பார்த்தாள்.

கூட்டம் கூட எவ்வளவு நேரமாகும்? முதலில் வந்தவர் எதிர் டீக்கடைக்காரர். மோதும்போது அவர் அடுப்பைப் பார்த்து டீ ஆற்றிக்கொண்டிருந்தார், முதுகுதான் எங்கள் பக்கம் இருந்தது. ஆனால் சாட்சி சொல்ல அவரைவிட யாரும் முந்தவில்லை.

"பொண்ணு செம ஸ்பீடா வந்துச்சுபா."

"போன் பேசிக்கினு வந்திருக்கும்" என்றார் கோயில் வாசலில் பூ வாங்க வந்த ஒருவர்.

"துப்பட்டா வீல்ல மாட்டிக்கிச்சு." அவள் துப்பட்டா போட்டிருக்கவில்லை. வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாள்.

"பொம்பளைங்க காலைத்தான்பா பிரேக்குன்னு நெனச்சுக்கினு இருக்காங்க." இதற்கு எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் உடைந்த கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்து ஒருவரும் ஒரு காரணமும் சொல்லவில்லை. வாத்தியார், நெற்றியில் விபூதி, தலையில் ஹெல்மெட். அவரும் கூட்டம் சொன்னதை மறுக்கவில்லை. வலியில் பேச முடியவில்லை என்று அப்போது நினைத்தேன்.

அந்தப் பெண் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, எங்கப்பாவுக்கு மட்டும் போன் பண்ண வேணாம்னு சொல்லுங்கக்கா."

அதற்குள் யாரோ ஒருவர், கீழே விழுந்த அவள் போனை எடுத்து, அதிலேயே அப்பாவுக்குப் பேசி முடித்துவிட்டார். உதவி செய்வதில் எங்கள் ஊர்க்காரர்களை மிஞ்ச முடியாது.

எலும்பு டாக்டரின் கிளினிக்குக்கு ஆட்டோவில் போனோம். டீக்கடைக்காரரும் கடையை அப்படியே போட்டுவிட்டுச் சாட்சியாக ஏறிக்கொண்டார். என் வீட்டுக்காரரை மாவுக்கட்டு போட உள்ளே கூட்டிப் போனார்கள். நானும் அந்தப் பெண்ணும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் ஊர் தென்னேரி. காஞ்சிபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை. வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வருகிறவர்களுக்காக விடியும்போதே லேப்பைத் திறக்க வேண்டும். அந்த நேரத்துக்கு அவள் ஊரிலிருந்து பஸ் கிடையாது. அதற்கப்புறம் நடக்க முடியாத வயசானவர்களுக்கு வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்க வேண்டும். அதற்கும் வண்டி வேண்டும்.

"வண்டி வாங்கித் தரப்பவே அப்பா சொல்லிட்டாருக்கா. ஒரு தடவ விழுந்தாலும் சாவி என் கைக்கு வந்துடணும்னு. சாவி போனா வேலை போயிடும். வேலை போனா, அங்க மாமா பையன் ரெடியா நின்னுக்கினு இருக்கான்."

"மாமா பையன் நல்ல பையன் இல்லியா?"

"நல்ல பையன்தாங்க்கா. அதான் பிரச்சினையே. வேணாம்னு சொல்றதுக்கு ஒரு காரணமும் கெடைக்க மாட்டேங்குது." சொல்லிவிட்டு அழுதாள். பிறகு மெதுவாக, "அக்கா, நானும் கன்னத்துல போட்டுக்கினு இருந்தேன். அதைச் சொன்னா, கைய எடுத்தது உன் தப்புன்னு ஆயிடும். சொல்லாட்டி ஸ்பீடுன்னு ஆயிடும். எது சொன்னாலும் சாவி போச்சு" என்றாள்.

அவள் அப்பா வந்து சேர்ந்தார். கட்சிக்கரை வேட்டி, சட்டைப் பையில் பேனா, காலில் வயல்மண் காயாத செருப்பு. ஏதோ மனு கொடுக்க அன்று காஞ்சிபுரத்துக்கே வந்திருந்தாராம். மகளின் முழங்காலைப் பார்த்ததும் அவர் முகம் ஆடிப் போனதை நான் கவனித்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"எப்டி ஆச்சு?"

"ஸ்பீடுங்க" என்றார் டீக்கடைக்காரர்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் கட்டுப் போட்ட கையோடு வெளியே வந்தார். கேள்வி காதில் விழுந்ததும் அவருக்குள் இருந்த பொறுப்பாசிரியர் விழித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் காலத்துப் பிள்ளைங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் குறை. கவனச் சிதறல்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது. கட்டிய புருஷன் கை உடைந்து நிற்கிறாரே என்ற இரக்கமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அந்தப் பெண்ணின் அப்பா கையை நீட்டினார். அவள் பையைத் துழாவிச் சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று எழுந்தேன். "இந்த ஆளு அப்ப டீ ஆத்திக்கினு இருந்தாரு, ஒண்ணையும் பாக்கல. பாத்தவ நான். என் வீட்டுக்காரர் கை ஹேண்டில்ல இல்ல, கன்னத்துல இருந்துச்சு. கண்ணு ரோட்டுல இல்ல, பிள்ளையார்கிட்ட இருந்துச்சு. உங்க பொண்ணும் அதையேதான் பண்ணுச்சு. ரெண்டு பேரும் சாமி கும்பிட்டுத்தான் மோதிக்கினாங்க."

கிளினிக்கில் காத்திருந்தவர்கள் எல்லோரும் தங்கள் எலும்பை மறந்துவிட்டு எங்களைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் சுவரில் ஒட்டியிருந்த எலும்புக்கூடு படத்தைப் படிக்க ஆரம்பித்தார்.

அப்பா மகள் பக்கம் திரும்பினார். "வண்டி ஓட்டும்போது கும்பிடச் சொல்லி உனுக்கு யாரு சொன்னது?"

"நீதாம்பா."

"நானா?"

"வண்டி எடுத்த அன்னிக்கு. எந்தக் கோயிலத் தாண்டினாலும் கும்பிடாம போவாத, அப்பதான் ஆக்சிடென்ட் ஆவாதுன்னு சொன்ன."

அவர் சாவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இப்ப இன்னாமா பண்ணச் சொல்ற?"

வண்டி விஷயத்தில் ஒரு ஆம்பிளை என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. அதனால் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். "சாமி உங்களுக்கு வேணும்னா நீங்க கும்பிடுங்க. ஓட்டறவ ரோட்டைப் பாக்கட்டும். ரெண்டு வேலையையும் ஒருத்தி தலையில கட்டினா இப்டித்தான் ஆவும்."

அவர் சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பேனாவுக்குப் பக்கத்தில் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு மகளைத் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நன்றியா, காரியத்தைக் கெடுத்துவிட்டீர்களே என்பதா என்று எனக்கு விளங்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு முணுமுணுத்தார். ஊரார் முன்னால் மானத்தை வாங்கிவிட்டேனாம். வழியில் அம்மன் கோயில் வந்தது. ஆட்டோக்காரர் ஹேண்டிலிலிருந்து கையை எடுத்துக் கன்னத்துக்குக் கொண்டு போனார்.

"யோவ், கைய எடுக்காதய்யா" என்று என் வீட்டுக்காரர் கத்தினார்.

ஆட்டோக்காரர் பயந்து பிரேக் போட்டார். நான் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன். சிரித்தால் சண்டை வரும், சிரிக்காமல் இருக்க வயிறு வலித்தது.

மறுநாளிலிருந்து தெருவில் யார் கேட்டாலும், "மாடு குறுக்க வந்துடுச்சு" என்றார். மாடு வந்து மறுக்கப் போவதில்லை. கட்டு பிரிக்கும் வரை அவர் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சில நாள் ஆட்டோவில் போனோம். ஆட்டோக்காரர்கள் எல்லோரும் பக்திமான்கள் என்று தெரிந்ததும் அவரே பீரோவைக் காட்டி, "உன் லைசென்ஸ் இருக்குதா?" என்று கேட்டார். எனக்கு ஒரு ஹெல்மெட் வாங்க அதே கடைக்குப் போனேன். முகம் முழுக்க மூடுகிறதைக் கேட்டேன்.

"கன்னம் மூடிக்குமேமா" என்றார் கடைக்காரர்.

"மூடட்டும்பா."

தினமும் அந்த வளைவைத் தாண்டித்தான் போக வேண்டும். அன்று டீக்கடை ஓரத்தில் நிறுத்திய அவளுடைய ஸ்கூட்டி அப்படியே நின்றுகொண்டிருந்தது. முதலில் சீட்டில் தூசி படிந்தது. பிறகு டீக்கடைக்காரர் அதன் மேல் கழுவிய டம்ளர் டிரேயைக் கவிழ்த்து வைக்கத் தொடங்கினார். ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போவேன். உண்மையைச் சொல்லி என்ன பிரயோஜனம், அவள் தென்னேரியில் உட்கார்ந்து மாமா பையனை மறுக்கக் காரணம் தேடிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். லேப் எது என்றுகூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் பார்த்தால் ஸ்கூட்டி அங்கே இல்லை. டீக்கடைக்காரரைக் கேட்டேன்.

"அந்தப் பொண்ணோட அப்பா வந்து தள்ளிக்கினு போனாரும்மா. வித்துடுவாருன்னு நெனைக்கிறேன்" என்றார். இந்த முறையும் பாதிதான் பார்த்திருப்பார் என்று நம்ப ஆசைப்பட்டேன். ஆனால் அன்று கடையில் ஒரு புடவையையும் ஒழுங்காக மடிக்க முடியவில்லை.

சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தது. காலையிலேயே மாணவர் ஊர்வலம், அதற்கு முன்னால் இவர் பேச வேண்டும். இன்னும் வெளிச்சம் சரியாக வராத நேரத்தில் அவரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினேன். கட்டுக் கைக்கு விரல் மடக்க வரவில்லை. அதனால் என் தோளில் இடது கையால் தட்டித் தட்டி ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். அதிவேகம். குடிபோதை. செல்போன். கால்நடைகளைச் சாலையில் திரியவிடுவது. கடைசியாகச் சேர்த்தது இந்த வருஷத்துப் புதுக் காரணம்.

பிள்ளையார் வளைவு வந்தது. வேகத்தைக் குறைத்து ஹார்ன் அடித்தேன். எதிர்ப்பக்கமிருந்தும் ஒரு ஹார்ன் பதில் கொடுத்தது. முன்பக்கம் கீறல் விழுந்த அந்த ஸ்கூட்டி மெதுவாகத் திரும்பி வந்தது. அவள்தான். லேப்பைத் திறக்கப் போகிறாள். இரண்டு கையும் ஹேண்டிலில், கண் ரோட்டில். அவளுக்குப் பின்னால் கரை வேட்டியை இழுத்துச் சொருகிக்கொண்டு அவள் அப்பா உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடி, இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பி, மகளுக்கும் சேர்த்துப் பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு வந்தார்.

என் பின்னாலிருந்து மாவுக்கட்டு அவர் ஹெல்மெட்டில் மோதும் சத்தம் கேட்டது. டொக், டொக்.

நானும் அவளும் பிள்ளையார் பக்கம் திரும்பவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தோம், ஆளுக்குக் கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கி வழி விட்டுக்கொண்டு போனோம்.